சாமல்பட்டி பிளாட்பாரத்தில் ஒரு பந்தி

ஐம்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம் அது. தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவள் நான். என் கணவர் சாமல்பட்டியில் ஸ்டேஷன் மாஸ்டர். அப்போது அது சேலம் ஜில்லா. பாசஞ்சர் வண்டி வந்து போய்விட்டால் அடுத்த வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் ஆடுகள்தான் படுத்திருக்கும். சுற்றிலும் கேழ்வரகுக் கொல்லைகள், மொட்டைப் பாறைகள், தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன ஊர்கள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள், எனக்குப் பாதி புரியாது. பேச ஆளில்லாமல் குவார்ட்டர்ஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வருகிற கூட்ஸ் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போதடா வேறு ஊருக்கு மாற்றல் வரும் என்று இருந்தது.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது, விடவே இல்லை. ஒருநாள் விடிகிற நேரத்தில் பக்கத்து ஏரி உடைந்துவிட்டது. பள்ளத்தில் இருந்த ஊருக்குள் இடுப்பளவுக்குத் தண்ணீர். மண்சுவர் வீடுகள் கரைந்து உட்கார்ந்தன. நல்லவேளை, மனுஷர் யாரும் போகவில்லை. மாடு கன்றுகள் போயின. குதிரில் இருந்த தானியம் எல்லாம் போனது. மேடாக இருந்தது ரயில் பாதை ஒன்றுதான். ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடிவந்தார்கள்.

நிலம் வைத்திருந்த குடியானவர்கள் டிக்கெட் கொடுக்கும் அறைக்கு முன்னால் கூரையின் கீழ் ஒண்டிக்கொண்டார்கள். அவர்கள் நிலத்தில் கூலிவேலை செய்யும் சேரிக்காரர்கள் கடைசியில், கூட்ஸ் ஷெட் தாழ்வாரத்தில் நின்றார்கள். யாரும் யாருக்கும் இடம் பிரித்துச் சொல்லவில்லை. ஊரில் எப்படி இருந்தார்களோ அப்படியே வந்து நின்றார்கள்.

வீட்டில் இருந்த அரிசி முழுவதையும் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் குழந்தைகளுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். அதோடு என் டப்பா காலி. மறுநாள் காலையிலும் மழை. சேலம் பக்கம் ஒரு சிறு பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டதால் ரயில் கிடையாது. தந்திக் கம்பியும் அறுந்துவிட்டது. குழந்தைகள் அழுவதை நிறுத்திவிட்டுச் சும்மா படுத்திருந்தன. அழுதபோதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை.

ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி மாட்டிக்கொண்டு நின்றது. அதில் ஒரு பெட்டி நிறைய அரிசி மூட்டைகள், சேலத்து வியாபாரி ஒருவருடையவை. பெட்டிக் கதவில் ஈய முத்திரை இருந்தது. மேலிடத்து உத்தரவில்லாமல் அதை உடைத்தால் வேலை போய்விடும், திருட்டுக் கேஸ்கூட வரலாம். இவர் அந்தப் பெட்டிக்கு முன்னால் குடையோடு போய் நிற்பதும் திரும்பி வருவதுமாக இருந்தார். கடைசியில் என்னிடம் வந்து, "உடைக்கப் போறேன். நாளைக்கு வேலை இல்லேன்னா உங்க அப்பா வீட்டுக்குத்தான் போகணும். என்ன சொல்றே?" என்று கேட்டார்.

அதுவரை அவர் என்னிடம் எதற்கும் யோசனை கேட்டதில்லை. "உடைங்க" என்றேன்.

அரிசி வந்தது, அடுப்புக்கு விறகு இல்லை. எல்லாம் நனைந்து கிடந்தது. கூட்ஸ் வண்டி டிரைவர் ஜோலார்பேட்டைக்காரர், வெற்றிலை வாயோடு எஞ்சினில் உட்கார்ந்திருந்தவர், தானாக இறங்கி வந்தார். "சார், நீங்க முத்திரைய உடைச்சிட்டீங்க. நான் கரியக் கொடுக்க மாட்டனா?" என்று சொல்லிவிட்டு, எஞ்சின் அடுப்பிலிருந்து செக்கச்சிவந்த கரித்துண்டுகளைக் கரி வாரும் சவலில் அள்ளி அள்ளிக் கொண்டுவந்து, கூரை விளிம்பில் தண்டவாளத் துண்டுகளை வைத்துக் கூட்டிய அடுப்பில் கொட்டினார். மழைச்சாரல் பட்டுக் கரி சீறியது.

என் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டா ஒன்று இருந்தது. அதை ஏற்றி உலை வைத்தேன். இரண்டு பேருக்கு வடித்துப் பழகிய கை என்னுடையது. அத்தனை பெரிய அண்டாவில் அரிசியைப் போட்டுவிட்டு, கரண்டியால் அடிவரை துழாவ முடியாமல் திணறினேன். கரிச்சூடு வேறு முகத்தைப் பொசுக்கியது. கூட்ஸ் ஷெட் பக்கமிருந்து உயரமான பெண் ஒருத்தி, கைக்குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு என்னருகே வந்தாள். சற்றுத் தள்ளியே நின்றாள்.

"அம்மா, அடி புடிக்குது. நான் கெளறட்டுங்களா?"

கரண்டியை அவள் கையில் கொடுத்தேன். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவள் கிளறிய கிளறலில் சோறு மலர்ந்து வந்தது. என் வீட்டுப் புளியையும் மிளகாயையும் போட்டு ஒரு ரசமும் கொதிக்கவைத்தாள். வாசனை பிளாட்பாரம் முழுக்கப் பரவியது.

மழை சற்று ஓய்ந்த நேரம் பார்த்து, பூவரச இலைகளைத் தைத்து அடுப்புக்கு எதிரே பிளாட்பாரத்தில் போட்டு எல்லோரையும் கூப்பிட்டேன். சேரிப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். கூரையின் கீழ் இருந்தவர்கள் அசையவில்லை. ஒரு குழந்தை எழுந்தது, அதன் அப்பா கையைப் பிடித்து உட்கார வைத்தார். யார் வடித்த சோறு என்பதை அவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அந்தப் பெண் கரண்டியை அண்டாவின் மேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது கூரையின் கீழிருந்து ஒரு அம்மாள் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும், காதில் பெரிய கம்மல், ஊரில் பெரிய பண்ணை வீட்டுக்காரி. நேராக வந்து ஈரத்தரையில் ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"நம்ம வூட்டு நெல்ல இவதான் அறுத்தா. இவதான் அவிச்சா, இவதான் குத்துனா. அதெல்லாம் ஆச்சு, இன்னிக்கு வடிச்சா மட்டும் ஆவாதா?" என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "போடு புள்ள, பசிக்குது" என்றார்.

அவள் கரண்டியை எடுத்தாள். சோற்றைப் போட்டாள். ஒவ்வொருவராக எழுந்து வந்து உட்கார்ந்தார்கள். கடைசிவரை கூரைக்குக் கீழேயே இருந்துவிட்ட இரண்டு மூன்று பேரும் உண்டு. அவர்களுக்கு அரிசியை அப்படியே அள்ளிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

கேழ்வரகுக் களியும் கூழுமே தினப்படி சாப்பாடாக இருந்த ஊர் அது. வெள்ளைச் சோற்றைப் பார்த்த ஒரு சின்னப் பெண், "இன்னிக்குப் பொங்கலாம்மா?" என்று தன் அம்மாவைக் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெள்ளம் வந்ததிலிருந்து அங்கே நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

தண்ணீர் வடியும்வரை அந்த அடுப்பு அணையவில்லை. கரண்டி அவளிடமே இருந்தது. குடியான வீட்டுப் பெண்களும் வந்து அரிசி களைந்தார்கள், இலை தைத்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து தெலுங்கில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டேன்.

பாதையைச் சரிசெய்ததும் வந்த முதல் வண்டியிலேயே அரிசி வியாபாரி வந்து இறங்கினார். இவர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். வியாபாரி பெட்டிக்குள் ஏறிப் பார்த்தார், இறங்கினார். அடுப்பைச் சுற்றி இருந்த ஜனங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனையோ வருஷமா அரிசி விக்கறேன் சார். யார் வீட்ல அது சோறாவுதுன்னு ஒருநாளும் பாத்ததில்ல. இன்னிக்குப் பாத்துட்டேன்" என்றார். அவர் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. அன்று பந்தியில் உட்கார்ந்து, இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இவர் பதில் எழுதினார். அடுத்த வருஷம் மாற்றல் வந்தது, அதனால்தானா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. எப்போது வரும் என்று நான் ஏங்கிக் காத்திருந்த மாற்றல்தான். வண்டி கிளம்பியபோது அழுதது நான். அந்த உயரமான பெண் பிளாட்பாரத்தில் நின்று, "போயிட்டு வாம்மா" என்றாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஊருக்குள் அவர்கள் திரும்பிப் போன பிறகு பழையபடி அவரவர் இடத்தில் நின்றார்களா, இல்லை ஏதாவது கொஞ்சம் மாறியதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கேயாவது வெள்ளம், புயல் என்று செய்தி வந்தால், பொட்டலம் கொடுப்பவர்களையும் வாங்குபவர்களையும் தாண்டி, புகைக்கு நடுவே கிளறிக்கொண்டு நிற்கும் ஒருத்தியை என் கண் இன்றும் தேடுகிறது. அவள் எதிரில் முதலில் வந்து உட்கார யாராவது ஒருவர் இருக்க வேண்டுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.