பேசி அனுப்பப்பட்டது

எங்கள் அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு எண்பது வயது. தன்னைப் பெற்ற தாயைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னது ஒரே வரிதான்: "கைக்கொழந்தையா இருக்கையில உட்டுட்டுப் போயிட்டா." அதற்கு மேல் கேட்டால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். அவருடைய அத்தா இரண்டாவதாகக் கட்டிய அம்மாதான் அவரை வளர்த்தார்கள், தங்கமான மனுஷி. முதல் கல்யாணம் எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு.

இந்த வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தார். வீடு திரும்பிய பிறகு ஒருநாள் தொழுது முடித்து, துஆவுக்குக் கை ஏந்தியபடியே என்னைக் கேட்டார். "பெத்தவளுக்கு துஆ கேக்காமயே போயிருவனாம்மா? உட்டுட்டுப் போனவளுக்கு எப்படிக் கேக்கறது?" என்ன நடந்தது என்று கண்டுபிடித்துக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். யோசிப்பதற்குள் என் வாய் பேசி முடித்திருக்கும்.

நாங்கள் இருக்கும் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து பஸ் ஏறி, ராசிபுரம் தாண்டி இருக்கும் எங்கள் பூர்வீக ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போனேன். ஜமாஅத் செயலாளர் என் வயதுக்காரர், பொறுமைசாலி. நிக்காஹ் பதிவேடுகளை மேசைமேல் அடுக்கினார். இரண்டு மணி நேரம் தும்மித் தும்மிப் புரட்டினேன். அத்தாவின் அத்தா பெயர் எதிலும் இல்லை. சே, கல்யாணமே நடக்கவில்லையோ என்றுகூடப் புத்தி போனது. புத்தகங்களை இப்படியா வைத்திருப்பது என்று செயலாளர்மேல் எரிந்து விழுந்தேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். "ஏனுங்க, கல்யாணத்தப் பொண்ணு ஊரு ஜமாத்துலதான எழுதுவாங்க? இது மாப்பிள்ள ஊருங்களே."

இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள் நான். இரண்டு நிக்காஹும் எங்கள் பள்ளிவாசலில்தான் எழுதினோம். இது உறைக்காமல் போன என் மண்டையை என்ன சொல்ல! பெண் எந்த ஊர் என்பதே எங்களுக்குத் தெரியாது, இனி எங்கே போய்த் தேடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். செயலாளருக்குப் பாவமாகிவிட்டது போல. டீ வாங்கிவரச் சொன்னார். கல்யாணம்தான் இங்கே இருக்காது, பிரிந்த வழக்கென்றால் மாப்பிள்ளை ஊரில்தான் பேசியிருப்பார்கள் என்று சொல்லி, பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய பஞ்சாயத்து நோட்டுகளை எடுத்துவந்தார்.

மூன்றாவது நோட்டில் கிடைத்தது. தலாக் சொன்னவர் அத்தாவின் அத்தா. எதிரே மனைவியின் பெயர், ஊர் வெண்ணந்தூர், அடியில் கட்டைவிரல் ரேகை. ஆண் குழந்தை, வயது ஒன்று, தகப்பன் வசம் இருக்கத் தீர்மானம். அத்தாவைப் பெற்றவர் விட்டுவிட்டுப் போகவில்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். படுபாவிகளா என்று, பள்ளிவாசல் என்றும் பாராமல் சொல்லிவிட்டேன். செயலாளர் பக்கத்தைப் புரட்டினார்.

அடுத்த வருஷம் அதே பெயர். 'பிள்ளையைப் பார்க்க வேண்டி வெண்ணந்தூரிலிருந்து வந்தார். பேசி அனுப்பப்பட்டது.' அதற்கடுத்த வருஷமும் அதே வாசகம். இப்படி ஒன்பது வருஷம், ஒன்பது தடவை. அதன் பிறகு அவர் பெயர் இல்லை. என்ன ஆனாரோ தெரியாது. எல்லாப் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்தேன். அவசரத்தில் இரண்டு மங்கலாகிவிட்டன.

வீட்டுக்கு வந்து அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். பெயரை வாசித்ததும் நிறுத்தி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். தாயின் பெயர் அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லிக் கை ஏந்தினார். தாடியெல்லாம் நனைந்துவிட்டது. நானும் அழுதேன். இத்தனை வருஷம் நாங்கள் யாரும் தேடாமல் இருந்தோமே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

கையை இறக்கியதும், எந்த நேரத்தில் வந்தாள் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டார். எழுதியிருந்தது. ஒன்பது தடவையும் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு.

"ஓதற வயசு வந்தப்புறம் அந்நேரம் நாங்க பசங்கெல்லாம் பள்ளிவாசல் பின்கட்டுல கூட்டமாச் சத்தம் போட்டு ஓதிட்டு இருப்போம்மா" என்றார் அத்தா. "அத்தன சத்தத்துல எது எம்புள்ளைன்னு தெரியாம வாசல்ல நின்னுருப்பா."