வக்கீல் கைலாசமும் வேர் மாத்திரையும்

சேலம் ஜில்லா கோர்ட்டில் வக்கீல் கைலாசம் வாதாட எழுந்தால், வராந்தாவில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள்கூடத் துப்பிவிட்டு உள்ளே வந்து நிற்பார்கள். அப்படி ஒரு குரல் அவருக்கு. தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் அம்மா காதில் விழும், சோறு கிடைக்கும், அப்படி வளர்ந்த தொண்டை இது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வெண்ணந்தூர் நெசவாளர் குடும்பத்தில் முதன்முதலாகக் கறுப்பு அங்கி மாட்டியவர் அவர்தான்.

1961-ல் அவருக்கு நாற்பத்தாறு வயது. ஒரே மகளைக் கோபிப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. செவ்வாய்ப்பேட்டை வீட்டில் அவரும் மனைவி தெய்வநாயகியும்தான். ஆனாலும் வீடு வெறிச்சென்று கிடந்ததே இல்லை. விடிவதற்கு முன்பே கட்சிக்காரர்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களோடு பேசிக்கொண்டே காப்பி, பேசிக்கொண்டே சிகரெட், பேசிக்கொண்டே சவரம். மத்தியானச் சோறு டிபன் கேரியரில் கோர்ட்டுக்குப் போகும். பல நாள் தொடாமலே திரும்பி வரும். தெய்வநாயகி கேட்டால், சாட்சி பாதியில் நிற்கும்போது எப்படி எழுந்து வருவது என்பார்.

அந்த வருஷம் ஆடி மாசம் சீனியர் வக்கீல் உபகாரசாமி கோர்ட்டுப் படிக்கட்டில் ஏறும்போது சரிந்து விழுந்தார். தூக்கி உட்கார வைப்பதற்குள் உயிர் போய்விட்டது. அவரை அரிசிப்பாளையத்தில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது டாக்டர் அமிர்தசாமி கைலாசத்தோடு நடந்து வந்தார். அமிர்தசாமியும் கைலாசமும் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள். கோயில் தெருவில் டாக்டருக்குச் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி.

“ரெண்டு மாசமா நெஞ்சு வலி இருந்திருக்கு,” என்றார் டாக்டர். “வாயுன்னு நினைச்சு ஓமத் தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. தினமும் என் வாசலைத் தாண்டித்தான் போனாரு, கைலாசம். உள்ள வரலை.”

அன்று டாக்டர் மனசில் ஒரு யோசனை விழுந்தது. நாற்பதைத் தாண்டிய வக்கீல்கள், ஆடிட்டர்கள், மில் மேனேஜர்கள், இவர்களெல்லாம் நோய் வந்தால்தான் டாக்டரிடம் வருவார்கள். நெஞ்சில் வருகிற நோயோ வந்த பிறகு அவகாசம் தராது. ஆகவே நன்றாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வக்கீல்கள் அறையிலேயே வந்து உட்கார்ந்து எல்லாருக்கும் ரத்தக் கொதிப்புப் பார்ப்பதாகச் சொன்னார். வக்கீல்கள் சிரித்தார்கள். நல்லா இருக்கிறவனை நோயாளி ஆக்கப் பார்க்கிறார் என்றார்கள்.

முதல் சனிக்கிழமை டாக்டர் மேஜை மேல் பாதரசக் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். யாரும் கிட்டே வரவில்லை. நண்பன் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கைலாசத்துக்குப் பொறுக்கவில்லை. அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அமிர்தசாமி காற்றடித்தார், இறக்கினார். மறுபடி அடித்தார். முகத்தில் எதையும் காட்டாமல், குனிந்து காதோடு சொன்னார்: “மேலே இருநூத்திப் பத்து நிக்குது. எழுந்துக்காதே, கொஞ்சம் இரு.”

கைலாசம் எழுந்துவிட்டார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, “ஒண்ணுமில்லையாம், வாங்கப்பா. ஊசிகூடக் கிடையாது,” என்று உரக்கச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

மறுநாள் டாக்டர் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்தார். சர்ப்பகந்தா என்ற செடியின் வேரிலிருந்து எடுத்தது. நம் ஊர் வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்துவந்ததை இப்போது மாத்திரையாக்கியிருக்கிறார்கள். ரத்தக் கொதிப்புக்கு இதைவிட நல்லது கைவசம் இல்லை என்று தெய்வநாயகிக்கு விளக்கினார். சிகரெட்டை விடவும், உப்பைக் குறைக்கவும், நேரத்துக்குச் சாப்பிடவும் சொல்லிவிட்டுப் போனார். வெளியே தெரிந்தால் கட்சிக்காரர்கள் வேறு வக்கீலிடம் போய்விடுவார்கள், யாரிடமும் மூச்சு விடாதே என்று கைலாசம் மனைவியிடம் சொன்னார்.

மாத்திரை வேலை செய்தது. பொங்கலுக்குள் கொதிப்பு நன்றாக இறங்கிவிட்டது. சிகரெட் நின்றது. கேரியர் காலியாகத் திரும்பியது. அமிர்தசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. கைலாசத்துக்கே முதலில் புரியவில்லை. விடிகாலையில் விழிப்பு வந்துவிடும். எழுந்திருக்க மனசு வராது. வாசலில் கட்சிக்காரர்கள் இருமுகிற சத்தம் கேட்டால் எரிச்சல்கூட வராது, ஒன்றுமே வராது. மகள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தபோது தெய்வநாயகி ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் குளிக்கிற அறையில் சொம்பைக் கையில் பிடித்தபடி காரணமில்லாமல் அழுதார். தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு வெளியே வந்தார். செவ்வாய்ப்பேட்டை ரயில் பாதையைத் தாண்டும்போது மனசில் ஒரு நினைப்பு வந்து போகும். அந்த நினைப்பைக் கண்டு அவரே நடுங்கினார்.

டாக்டர் மாசம் தவறாமல் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். தலை சுற்றுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கைலாசமும் சொல்லவில்லை. வக்கீலுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு கறுப்பு அங்கி எதற்கு என்று அவருக்குப் பயம்.

பாப்பாயியின் வழக்கு அந்த நாளில் நடந்ததுதான். தம்மம்பட்டிக்குப் பக்கத்தில் காடு என்கிற மேட்டு நிலம் கொஞ்சம் வைத்திருந்த விதவை அவள். புருஷன் போனபின், பாகம் பிரித்தபோது கிணற்றில் உனக்குப் பங்கில்லை என்று கொழுந்தன்மார் தண்ணீரை மறித்துவிட்டார்கள். ஆத்தூர் கோர்ட்டில் மூத்த கொழுந்தனைக் கைலாசம் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். எழுந்து நின்றார். கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாம் தெரிந்தன. எங்கோ தூரத்தில், அக்கரையில் நிற்பதுபோலத் தெரிந்தன. ஏதோ இரண்டு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். குமாஸ்தா நாச்சிமுத்து அடுத்த காகிதத்தை எடுத்து நீட்டினார்; கைலாசம் அதை வாங்கவில்லை. கேஸ் தோற்றது.

பாப்பாயி அழவில்லை, திட்டவில்லை. “ஐயாவுக்கு உடம்பு சரியில்லீங்களா?” என்று மட்டும் கேட்டாள். கைலாசம் சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கோடை விடுமுறையில் பேரனைப் பார்க்கக் கோபிக்குப் போனார்கள். அவசரத்தில் மாத்திரைப் புட்டி சேலத்திலேயே நின்றுவிட்டது. அங்கே கடைகளில் கேட்டால் கிடைக்கவில்லை. தெய்வநாயகி தவித்தாள். கைலாசம், போனால் போகட்டும் என்றார். விடுமுறை முடிகிற சமயம் ஒரு சாயங்காலம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஏதோ கோமாளித்தனம் செய்ய, மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்த வாய் அப்படியே நின்றது. எத்தனை நாளாயிற்று என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது.

ஊர் திரும்பியபின் மாத்திரையை வாயில் போடுவதுபோல் கைக்குள் வைத்துக்கொண்டு, கொல்லைப்புறம் போய்ச் சாக்கடையில் போட்டார். தினமும் அப்படித்தான். மனைவிக்குத் தெரியாது. டாக்டரிடம் போகவேண்டிய நாளில் வெளியூர்க் கேஸ் என்று நாச்சிமுத்துவிடம் சொல்லியனுப்பினார். ஏன் நேராகப் போய்ச் சொல்லவில்லை என்றால், அமிர்தசாமி ஒத்துக்கொள்ளமாட்டார், மறுபடியும் அந்த இருட்டுக்குள் தள்ளிவிடுவார் என்ற பயம்தான். பாப்பாயிக்காகச் சேலம் கோர்ட்டில் அப்பீல் போட்டிருந்தார்; அது முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

ஐப்பசியில் அமிர்தசாமி மதராஸில் ஒரு டாக்டர்கள் கூட்டத்துக்குப் போய்வந்தார். இந்த வேர் மாத்திரை சிலருடைய மனசை அடியோடு சோர வைத்துவிடுகிறது, அவர்களுக்கு நிறுத்திவிட்டு வேறு மருந்து கொடுக்கவேண்டும் என்று அங்கே பேசினார்கள். திரும்பிய உடனே செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தார். கைலாசம் கோர்ட்டில் இருந்தார்.

“ஆளு எப்படி இருக்கான்? முகம் தொங்கிப் போய், பேச்சுக் குறைஞ்சு, அப்படி ஏதாச்சும் இருக்கா?” என்று தெய்வநாயகியைக் கேட்டார்.

“இல்லீங்க டாக்டர். முன்னாடி கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தாருங்க. கோபி போயிட்டு வந்ததுல இருந்து நல்லா இருக்காருங்க. காலையில எந்திரிச்சதும் அவரு சத்தத்துல ஊடே அதிருது.”

“மாத்திரை?”

“ஒருநாள் தவறுறதில்லீங்க. என் கண்ணு முன்னாலதான் போடறாரு.”

அப்படியானால் இவனுக்கு மாத்திரை ஒத்துக்கொண்டுவிட்டது என்று அமிர்தசாமி நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

அப்பீல் சேலத்தில் நடந்தது. கைலாசம் பழைய கைலாசமாக எழுந்து நின்றார். புதுச் சாட்சி கிடையாது; ஆத்தூரில் பதிவானதை வைத்துத்தான் வாதாடவேண்டும். கிணறு தூர் வாரியபோது பாப்பாயியிடம் பங்குக் கூலி வாங்கியதாக மூத்த கொழுந்தன் தன் வாயாலேயே சொல்லியிருந்தான். ஆத்தூரில் அதை யாரும் கவனிக்கவில்லை. பாத்தியம் இல்லாதவளிடம் கூலி எதற்காக வாங்கினான் என்று கைலாசம் கேட்டபோது வராந்தா நிறைந்திருந்தது. கார்த்திகையில் தீர்ப்புப் பாப்பாயி பக்கம் வந்தது. வீட்டுக்கு வந்து தெய்வநாயகியிடம் அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நாளைக்கு அமிர்தத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தார். நாளை நாளை என்று நாள் தள்ளிப்போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து கத்தி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தார். எழவில்லை.

உயிர் தங்கிவிட்டது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. வாரக்கணக்கில் பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்து, கடைசியில் நாற்காலியில் உட்கார வைத்தபோது அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. “சரி.” பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. வேறு எதைச் சொல்ல நினைத்தாலும் நாக்கு அதற்குத்தான் போயிற்று. தலையை இப்படி ஆட்ட நினைத்தால் அது அப்படி ஆடியது. பார்த்தவர்கள் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். காதில் விழுவதெல்லாம் புரிந்தது. சட்டம் முழுவதும் அப்படியே உள்ளே இருந்தது.

கொல்லைப்புறச் சாக்கடையைச் சுத்தம் செய்ய வந்தவள் சொல்லித்தான் மாத்திரை விஷயம் தெய்வநாயகிக்குத் தெரிந்தது. அவள் டாக்டரிடம் சொன்னாள். அமிர்தசாமி கைலாசத்தின் எதிரே உட்கார்ந்து, செத்துக் கிடந்த கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

“எங்கிட்டச் சொல்லியிருந்தா வேற மருந்து கொடுத்திருப்பேனே, கைலாசம்,” என்றார். பிடித்த கையை விடாமல், “நானும் கேக்கலை,” என்றார்.

“சரி,” என்றார் கைலாசம்.

வக்கீல்கள் அறையில் சனிக்கிழமைகளில் இப்போது நாற்காலி போதவில்லை. கைலாசத்துக்கு ஆனதைக் கண்ணால் பார்த்தவர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். டாக்டர் கொதிப்பைப் பார்த்தபின் ஒவ்வொருவரிடமும் தூக்கத்தைப் பற்றியும் மனசைப் பற்றியும் கேட்டார். பெரும்பாலோர் நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள். அதை அவர் நம்பினாரா என்று தெரியாது.

நாச்சிமுத்து வேறு வக்கீலிடம் சேர்ந்துவிட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து கோர்ட்டு சேதியெல்லாம் சொல்வார். 1964-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாயியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கொழுந்தன்மார் மதராஸ் ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். அவளுக்குப் பயமாகிவிட்டது. மதராஸுக்கு அலைய அவளால் ஆகாது. ராஜிக்கு, அதாவது சமரசத்துக்கு, வந்தால் வாரத்தில் ஒரு முறை தண்ணீர் விடுவதாகக் கொழுந்தன்மார் சொல்கிறார்கள். கிணற்றில் உரிமை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடவேண்டும்.

“எனக்கும் அதுதான் நல்லதுன்னு படுதுங்க ஐயா. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா செஞ்சுடலாங்க,” என்றார் நாச்சிமுத்து.

கைலாசத்துக்கு உள்ளே தீப்பிடித்ததுபோல் இருந்தது. ராஜிக்குப் போகாதே. இது சாட்சியத்தை எடைபோட்டுச் சொன்ன தீர்ப்பு; இரண்டாம் அப்பீலில் அதில் கைவைக்க மாட்டார்கள்; சட்டப் பிரச்சினை இருந்தால்தான் கேட்பார்கள்; இதில் அது இல்லை. நீ மதராஸுக்கு வரவே வேண்டாம், வீட்டில் இரு, ஜெயித்துவிடுவாய். வாக்கியம் வாக்கியமாக எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. இடது கையால் நாற்காலியின் கையை அடித்தார்.

“சரி,” என்றார். “சரி. சரி.” தலை மேலும் கீழுமாக ஆடியது.

பாப்பாயி அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாச்சிமுத்துவுக்கும் மனசு லேசாகிவிட்டது. இருவரும் போய்விட்டார்கள்.

தெய்வநாயகி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வந்து, அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, “வேற என்னமோ சொல்ல வந்தீங்களா?” என்று கேட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். கண்ணீர் வழிந்தது. நோய் வந்ததிலிருந்து அடிக்கடி இப்படி அழுவார் என்பதால் அவளுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அந்த மாசமே பாப்பாயி கைநாட்டு வைத்தாள். கொழுந்தன்மார் ஒரு வருஷம் தண்ணீர் விட்டார்கள். அப்புறம் மறித்துவிட்டார்கள். அவள் காட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டதாக நாச்சிமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வருத்தத்தோடு சொன்னார். கைலாசம் அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, 1967 மாசியில் போய்ச் சேர்ந்தார். கடைசிவரைக்கும் புது மருந்தில் அவருடைய ரத்தக் கொதிப்பு அளவோடுதான் இருந்தது.