ஆறு தார்ப் பீப்பாக்கள்

என் மனைவி சைக்கிளில் ஏறினால் எனக்குப் பயம் பிடித்துவிடும். கலியாணம் முடித்த நாளிலிருந்து உள்ள வியாதி இது. இத்தனைக்கும் அவள் என்னைவிட நன்றாகச் சைக்கிள் ஓடுவாள். எங்கள் ஊரான பாலையூற்றிலிருந்து நகரத்தில் அவள் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு நாள்தோறும் சைக்கிளில்தான் போய் வந்தாள். நானும் கந்தோரில் எழுத்து வேலைக்கு அதே வழியில் சைக்கிளில்தான் போனேன். ஆனால் அவளோடு சேர்ந்து போனால் "மெதுவா, மெதுவா" என்று பின்னால் இருந்து ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவேன் என்பதால், அவள் எனக்குப் பத்து நிமிடம் முந்தியே புறப்பட்டுவிடுவாள்.

அந்த வழியில் ஒரு வளைவு தாண்டியதும் பன்னிரண்டு வருடம் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. நாங்கள் சென்றி என்று சொல்வோம். நகரத்துக்குப் போகிற சைக்கிள்காரர் எல்லோரும் வளைவிலேயே இறங்கி, வீதியைக் குறுக்கே கடந்து, வலது பக்கம் இருந்த தகரக் கொட்டிலுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஆமிக்காரன் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹரி, யன்ன" என்பான். சரி, போ என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி அந்த இரண்டு சொல்தான். வாகனங்கள் பறந்து வராதபடி மண் நிரப்பிய தார்ப் பீப்பாக்களை வீதியில் மாறி மாறி வைத்திருந்தார்கள். பஸ்ஸும் லொறியும் அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஊர்ந்துதான் வரும்; சாரதிகள் நிறுத்தி யன்னலால் அட்டையை நீட்டுவார்கள்.

நான் அந்தச் சென்றியைத் திட்டாத நாளில்லை. வாய்க்குள்ளேயே திட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி. என் மனைவி திட்டமாட்டாள். வரிசையில் நிற்கும் நேரத்தில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தி முடித்துவிடுவாள். சைக்கிள் கரியரில் கொப்பியை வைத்துச் சிவப்புப் பேனையால் சரி போட்டுக்கொண்டு நிற்பாள். வரிசை நீண்ட நாட்களில் அவளுக்குச் சந்தோஷம் என்று கூட எனக்குச் சந்தேகம்.

ஆட்கள் நிற்கும் இடத்தில் வியாபாரமும் வந்து நிற்கும் அல்லவா. கொட்டிலைத் தாண்டி வேப்பமரத்தடியில் ஒரு தேநீர்க்கடை வந்தது. பக்கத்தில் சைக்கிள் ரியூப் ஒட்டுகிறவர் ஒருவர் வந்தார். கிண்ணியாவிலிருந்து படகேறி வரும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் மீன்காரர் தன் சைக்கிளை அந்த மரத்தில் சாய்த்து, பெட்டியைத் திறந்து வைத்து விற்றார். அந்த வலது பக்கம் மெல்ல மெல்ல ஒரு சின்னச் சந்தையாகிவிட்டது.

பிறகு போர்நிறுத்தம் வந்தது. ஒரு நாள் காலை சென்றியைக் கழற்றினார்கள். மண்மூட்டை, தகரம், பீப்பா எல்லாம் ஒரே டிரக்கில் போயின. அன்று பின்னேரம் என் மனைவி பாயாசம் காய்ச்சினாள். நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

மறுநாள் காலை நான் வளைவுக்கு வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கினேன். உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்தேன். கொட்டில் இருந்த இடத்தில் நின்று சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தேன். எதிரே வெறும் மண். தேநீர்க்கடைக்காரர் சிரித்தார். நான் முறைத்தேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் உருட்டிக்கொண்டு வருகிறார்கள். அதில் ஒருவர் மாவட்டச் செயலகமான கச்சேரியில் பெரிய உத்தியோகம். அவர் கையிலும் அட்டை.

அது ஒரு நாளோடு முடியவில்லை. வாரக்கணக்கில் எல்லோரும் அப்படித்தான் இறங்கினோம். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். ஆனால் கண்டி வீதி திறந்துவிட்டிருந்தது. வெளியூர் லொறிகள் வரத் தொடங்கின. அந்தச் சாரதிகளுக்கு அங்கே பன்னிரண்டு வருடம் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? அவர்களுக்கு அது வளைவுக்குப் பிறகு வரும் நல்ல அகலமான வீதி.

மூன்றாம் வாரம் ஒரு வெங்காய லொறி என் மனைவியை அடித்தது. அவளும் எங்களைப் போல இறங்கி உருட்டிக்கொண்டுதான் கடந்திருக்கிறாள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மீன்கார நானாதான் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் ஓட்டோவை மறித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கட்டிலில் கிடந்தாள். சேலையில் மீன் மணம். தலைமயிரில் வெங்காயச் சருகு.

"கிட்ட வராதேங்கோ," என்றாள். "குழம்புச் சட்டி மாதிரி மணக்கிறன்."

நான் அழுதுவிட்டேன். அவ்வளவு பேருக்கு முன்னால் அழுதது எனக்கு வெட்கமாகவும் இல்லை.

"லொறிக்காரனை நான் விடமாட்டன்," என்றேன்.

"அந்தாள் பாவம். பிழை என்ரயும்தான். அங்க ஒண்டும் இல்லையெண்டு கண்ணுக்குத் தெரியும். காலுக்குத் தெரியேல்லை."

கால் பொருந்த நாலு மாதம் எடுத்தது. அந்த நாலு மாதத்தில் நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். அவளுடைய சைக்கிளை ரியூப் ஒட்டுகிறவரிடம் கொடுத்து நெளிந்த சில்லை நிமிர்த்தி எடுத்து வந்தேன். வந்ததும், சில்லில் காற்றை அடைத்து வைக்கும் வால்கட்டையைக் கழற்றி ஒளித்துவிட்டேன். "உந்தச் சைக்கிளில காத்து நிக்குதில்லை, புது ரியூப் போட வேணும், பாப்பம்," என்று சொல்லிக்கொண்டே நாட்களைக் கடத்தினேன். அவள் இனி அந்த வீதியில் ஓடக்கூடாது என்பதுதான் என் ஒரே எண்ணம். பஸ்ஸில் போகட்டும், வேலையை விடட்டும், எதுவானாலும் சரி.

அவள் எண்ணம் வேறு. ஊன்றுகோலோடு குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து ஒரு நாள் சொன்னாள்:

"ஒரு மகஜர் எழுதுங்கோ. அந்த வளைவில வாகனம் மெதுவா வர ஏதும் செய்யச் சொல்லி."

"நீர் இனிச் சைக்கிள் ஓடப் போறீரோ?"

"நான் மட்டுமே ஓடுறன்? வகுப்பில முப்பது பிள்ளையள் அந்தப் பக்கத்தால வருகுதுகள்."

எழுதினேன். இருபது வருடம் கந்தோரில் கடிதம் எழுதிய கை. 'பாதசாரிகளினதும் துவிச்சக்கரவண்டியோட்டுநர்களினதும் உயிர்ப்பாதுகாப்பைக் கருத்திற்கொண்டு' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். வாசித்துவிட்டு அவள், "இதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் அடிபட்டிடுவினம்," என்றாள். ஆனாலும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

போன வீடுகளில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. எல்லோரும் நல்ல தேநீர் தந்தார்கள், கால் எப்படி என்று கேட்டார்கள். கடிதத்தை நீட்டியதும் பேச்சை மாற்றினார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் உள்ளதைச் சொன்னார்.

"குறை நினையாதேங்கோ. பேர் எழுதின கடுதாசி எங்க போய் நிக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? இந்த ஊரில பட்டியலில பேர் வந்து நல்லா இருந்தவன் ஒருத்தனைக் காட்டுங்கோ, நான் போடுறன்."

வீட்டுக்கு வந்து கடிதத்தை மேசையில் எறிந்தேன். அதில் மூன்று கையெழுத்துகள்தான். என்னுடையது, அவளுடையது, மீன்கார நானாவுடையது. நானாவின் கையெழுத்தில் ஒரு செதிலும் ஒட்டியிருந்தது.

"கோழையள்," என்றேன்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. பயந்த சனம். நாங்களும்தான் பயந்தனாங்கள்." கடிதத்தை எடுத்து மடித்து வைத்தாள். "பேர் தராட்டிப் பரவாயில்லை. ஒரு காலமைக்குச் சைக்கிளைத் தருவினமோ எண்டு கேளுங்கோ."

இரண்டாம் முறையும் வீடு வீடாகப் போனேன். கோபத்தோடுதான் போனேன். வரும் திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில், மகஜர் போக வேண்டிய வீதிப் பொறியியலாளரின் கந்தோர் மதிலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரை மணித்தியாலம் நில்லுங்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை, பெயர் இல்லை. இவ்வளவுதான் கேட்டேன். வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. பார்ப்போம் என்றார்கள்.

திங்கட்கிழமை அவளை என் சைக்கிள் பாரில் வைத்து, ஊன்றுகோலை ஹாண்டிலில் கட்டிக்கொண்டு போனேன். நாங்கள் மட்டும்தான் நிற்கப் போகிறோம் என்று வழி முழுக்கப் புறுபுறுத்தேன். போய்ப் பார்த்தால் மதில் தெரியவில்லை. சைக்கிள் மேல் சைக்கிள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அரைச் சைக்கிள், தாதிமாரின் சைக்கிள், பால் கான் கட்டிய சைக்கிள், கச்சேரிப் பெரியவரின் பளபளக்கும் சைக்கிள். வாசலையும் அடைத்து நின்றன. பக்கத்து வீட்டுக்காரர் மரத்துக்குப் பின்னால் நின்றார். அவர் சைக்கிள் மட்டும் முன் வரிசையில் நின்றது. எனக்கு மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது.

பொறியியலாளரின் ஜீப் உள்ளே போக முடியவில்லை. இறங்கி வந்தார்.

"ஆர் இதுக்குத் தலைவர்?"

என் மனைவி ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு முன்னால் போனாள்.

"தலைவர் இல்லை ஐயா. கால் முறிஞ்ச ஆள் நான்."

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். வீதியில் மேடு போடக் கொழும்பில் அனுமதி எடுக்க வேண்டும் என்றார். வெள்ளைக் கோடு போடலாம், ஆனால் லொறிக்காரர் கோட்டைப் பார்த்து நிற்கமாட்டார்கள் என்றார். பிறகு, "அந்த இடத்தில இறங்கிக் கடக்கிறதை நீங்கள் நிப்பாட்டலாம்தானே?" என்றார்.

"பன்னிரண்டு வருசம் பழக்கினது ஐயா. மறக்கக் கொஞ்சக் காலம் தாங்கோ. அதுவரைக்கும் லொறி மெதுவா வரட்டும்."

அப்போது பின்னால் நின்ற மீன்கார நானா, "ஐயாட கந்தோருக்குப் பின்னால வெறும் தார்ப் பீப்பா கிடக்குது. பழையபடி அதை வச்சா என்ன?" என்று கேட்டார்.

"வீதியில பீப்பா வைக்கச் சட்டம் இல்லை நானா."

"முந்தி வச்சதுக்கு என்ன சட்டம் இருந்த?"

பொறியியலாளர் மதில் முழுக்க நின்ற சைக்கிள்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு காவலாளியைக் கூப்பிட்டு, பீப்பாக்கள் கிடந்த பக்கத்துப் பின் கேற்றைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு நடந்தே உள்ளே போனார்.

ஆறு பீப்பா எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு பூசினோம். வீட்டுக்கு ஒரு வாளியாக மண் வந்தது. எங்கே எந்தப் பீப்பா நிற்க வேண்டும் என்று ஒருவருக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் மனப்பாடம். அந்தப் பீப்பாக்களை அவ்வளவு காலம் சபித்தவன் நான். அன்று அவற்றை உருட்டி உருட்டி என் கையில் கொப்புளம் போட்டது.

சில வருடங்களில் போர் திரும்பி வந்தது. சென்றியும் வந்தது. எங்கள் பீப்பாக்களுக்குப் பக்கத்திலேயே மண்மூட்டையை அடுக்கினார்கள். அவர்களுக்கு இடத்தைத் தயார் செய்து வைத்தது நாங்கள்தானே என்று எனக்கு நெஞ்சு வலித்தது. அவளிடம் சொன்னேன். "பீப்பா எங்கட. மூட்டைதான் அவையின்ர. அதை மாத்தி நினையாதேங்கோ," என்றாள். அவள் சொன்னபடி நினைக்கத்தான் இன்றுவரை முயல்கிறேன்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவில் வருவது பீப்பா வைத்த மறுநாள் காலை. அவள் சேலை உடுத்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"வால்கட்டையைத் தாங்கோ."

"என்ன வால்கட்டை?"

"உங்கட பேனைப் பெட்டிக்க இருக்கிறது. மூண்டு மாசமா எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேட்கேல்லை?"

"நீங்கள் பயந்து போயிருந்தனீங்கள். அது தெளியட்டும் எண்டு விட்டனான்."

நானே மாட்டி, நானே காற்றடித்தேன். அன்று அவள் எனக்கு முந்திப் புறப்படவில்லை. நான் பின்னால் போனேன். ஒரு தடவைகூட "மெதுவா" என்று சொல்லவில்லை.

வளைவில் இறங்கினாள். உருட்டிக்கொண்டு வீதியில் கால் வைத்தாள். எதிரே ஒரு லொறி வந்தது. என் கை பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. லொறி முதல் பீப்பாவில் வேகம் குறைந்து, இரண்டாவதில் வளைந்து, மூன்றாவதற்கு முன்னால் நின்றுவிட்டது. நின்றதோடு விடவில்லை. பழக்க தோஷத்தில் அந்தச் சாரதி சட்டைப் பையில் கைவிட்டு, தன் அடையாள அட்டையை எடுத்து யன்னலுக்கு வெளியே நீட்டினான். அவனும் இந்த வீதியில் பழைய ஆள் போல.

என் மனைவி அவனுக்குப் பக்கமாக வந்துகொண்டிருந்தாள். நின்றாள். அட்டையை வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கொடுத்தாள்.

"ஹரி, யன்ன," என்றாள்.

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான். ஆனால் போகவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நீங்கள் முதலில் போங்கள் என்று கையைக் காட்டினான். அவள் நொண்டி நொண்டிக் கடந்து முடிக்கும்வரை அப்படியே நின்றான்.

நானும் கடந்து போனேன். வேப்பமரத்தடியில் அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"கால் நோகுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை. இந்த இடத்தில எப்பவும் நாங்கள்தான் நிண்டனாங்கள். இண்டைக்குத்தான் ஒருத்தர் எங்களுக்காக நிண்டவர்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். நானும் ஏறினேன். பள்ளிக்கூட வாசல்வரை பக்கத்தில் பக்கத்தில் ஓடிப் போனோம்.