தண்டோராவும் ரயில் பலகையும்

காஞ்சிபுரத்தில் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு பொதுத் தோட்டம் போட்டார்கள். கோயிலுக்குத் துளசி, வீடுகளுக்கு மாங்கன்று, வாழைக்கன்று எல்லாம் அங்கே வளர்ந்தது. வளர்த்தவர்கள் நானும் என் அண்ணியும். ஊர்க் கிணற்றை நாங்கள் தொடக்கூடாது. ஆனால் குளத்திலிருந்து நாங்கள் சுமந்த தண்ணீர் செடிக்கு ஆகும்.

தோட்டத்தைச் சுற்றிக் குளக்கரை வரைக்கும் ஒரு குட்டி ரயில் விட்டார்கள். ரயில்வேயில் எஞ்சின் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவர் செய்தது. இடுப்பு உயர எஞ்சின், பின்னால் பலகை அடித்த வண்டிகள். எஞ்சின் வயிற்றுக்கும் தண்ணீர் எங்களுடையதுதான். ரயிலைப் பார்த்துக்கொண்டே நடந்து அண்ணி எத்தனையோ தடவை குடத்தைச் சிந்தியிருக்கிறாள்.

"ஒரே ஒரு சுத்து போவணும்மா" என்பாள்.

ரயிலைப் பார்க்க, ஏறிச் சுற்ற எல்லோரும் வரலாம் என்று தண்டோரா போட்டார்கள். போட்டவன் எங்கள் சேரி ஆள். எல்லோரும் என்றால் நாங்களும்தான். வெளுத்த புடவை கட்டி, மடியில் வேகவைத்த வேர்க்கடலையோடு போய்க் கடைசி வண்டியில் உட்கார்ந்தோம். முன்னால் இருந்தவர்கள் பட்டுப் புடவையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

தோட்டத்து மேனேஜர் ஓடி வந்தார்.

"ஏய், யாருடி ஏறச் சொன்னது?"

"தண்டோரா சொல்லிச்சு சாமி."

அண்ணி எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"எறங்குங்கடி! பலகையக் கழுவணும். போய் ஒரு குடம் தண்ணி கொண்டா!"

தினம் எங்களை ஏவிப் பழகின வாய்.

"என் தீட்டக் கழுவ நானே தண்ணி தூக்கியாரணுமா சாமி? எஞ்சின் குடிச்சிக்கினு இருக்கறதும் என் தண்ணிதான். அதையும் கழுவு. கோயிலுக்குப் போன துளசியையும் கொண்டாந்து கழுவு."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மேனேஜர் பிட்டர் பக்கம் திரும்பினார்.

"ஆவி ஏறி நிக்குது சார், சும்மா வெச்சிருக்க முடியாது" என்று பிட்டர் ஊதலை இழுத்தார். முழு ரயிலும் எங்கள் இரண்டு பேருக்கு. அண்ணி கடலைத் தோலை வழியெல்லாம் துப்பிக்கொண்டே வந்தாள்.

இனி வேலைக்கு வராதே என்றார்கள். போகவில்லை. எங்கள் தெருவில் வேறு யாரும் போகவில்லை. துளசி வாடியதும் ஆள் அனுப்பினார்கள்.

குடத்தை ரயிலில் ஏற்றி, பக்கத்தில் நாங்களும் உட்கார்ந்துதான் வருவோம் என்று சொல்லி அனுப்பினேன். அப்படித்தான் போனோம்.