வாசிக்காமல் விட்ட பதினேழு பெயர்கள்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தம்பி, புத்தக பைண்டிங் செய்துகொண்டே உறுப்பினர்கள் மட்டும் மூடிய கதவுக்குள் கூடும் ஃப்ரீமேசன் சகோதரத்துவ அமைப்பில் சேர்ந்து, அதன் ஆய்வுச் சங்கத்தின் கட்டுரைப் பதக்கத்தை இரண்டு முறை வாங்கினான். இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவு ஆற்றும் வாய்ப்பும் அவனுக்கே கிடைத்தது. அதற்கு மூன்று வாரம் முன்பு பக்கவாதத்தில் அவனுக்குப் பேச்சு போய்விட்டது.

சங்கத்தின் மண்டபத்தைக் கட்டிய, எல்லோரும் மறந்துவிட்ட பதினேழு கொத்தனார்களின் பெயர்களை அவன் ஒன்பது ஆண்டுகள் தேடிக் கண்டுபிடித்திருந்தான். கட்டுரையைப் பிரதி எடுத்தது நான்.

செயலாளர் அவனுக்காக வாசித்தார். உறுப்பினரல்லாத நான் மூடிய கதவுக்கு வெளியே, வாயிற்காவல் உறுப்பினர் அருகே பிரதியோடு உட்கார்ந்து, காதில் விழுந்ததை வரி வரியாகச் சரிபார்த்தேன். பன்னிரண்டாம் பக்கம் வந்ததும், "நேரமாச்சு, பேர்ப் பட்டியலை விட்டுடறேன்" என்றார்.

"ஐயா, அந்தப் பேருங்கதான் கட்டுரையே! கதவைத் தட்டுங்க."

"கூட்டத்துக்கு நடுவுல வெளியாளுக்காகத் தட்டக் கூடாதும்மா. உள்ளே உங்க தம்பி இருக்காரே?"

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. அவனுக்கு வாய் எங்கே இருக்கு?"

உள்ளே கைத்தடி தரையில் ஓங்கி ஓங்கித் தட்டும் சத்தம் கேட்டது. அவன் தடுக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அவர்களோ அவன் மகிழ்கிறான் என்று நினைத்து, பலமாகக் கைதட்டினார்கள்.

காவலர் தலைகுனிந்தார். பிறகு பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து என் மடியில் விரித்தார்.

"உங்க தம்பி பேரையாவது பாருங்கம்மா. இதை யாரும் விட்டுட முடியாது."

அவன் அங்கே முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 1996 மார்ச் 9, சனிக்கிழமை. அந்தப் பதிவேட்டில் கொத்தனார்கள் ஒருவர் பெயரும் இல்லை.