ஈஸ்டர் விருந்தன்று திரும்பி வந்த முதுகு வலி

மூச்சை இழுத்தால் முதுகில் ஆணி இறங்குகிறது. குனிந்தாலும் வலி, நிமிர்ந்தாலும் வலி, படுத்தால் இரண்டு மடங்கு. பிரியமானவர்களே, என் சாட்சி இப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில்தான் தொடங்குகிறது. நம்மை ஆண்ட வெள்ளைக்கார ராஜாவின் வெள்ளி விழாவுக்கு ஊரெல்லாம் கொடி கட்டினார்களே, அதற்கு முந்தின வருஷம்.

சித்தூரில் நம் சபைக்கு மணி அடிக்கிறவன் நான். பிழைப்பு கொத்து வேலை. வலி வந்த இடம் வலது தோள்பட்டைக்குக் கீழே, முதுகெலும்பின் ஓரம். கல் தூக்குகிறவனுக்கு முதுகு வலிக்காமல் பல்லா வலிக்கும் என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வலி பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. காலையில் மணி அடிப்பேன், ஆராதனை முடிந்து வீட்டில் கறிச்சோறு சாப்பிடுவேன், பொழுது சாயும்போது வலி பிடித்துக்கொள்ளும். ஆகவே மணிக்கயிறுதான் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. கயிற்றை என் மைத்துனன் தாவீதிடம் கொடுத்துவிட்டேன். அப்புறமும் வலி வந்தது.

நம் ஜில்லாவில் உடம்பில் எது பிசகினாலும் முதலில் எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குத்தான் வண்டி கட்டுவோம். நானும் கட்டு போட்டுக்கொள்ளப் போனேன். தடவிப் பார்த்து, எலும்பில் கோளாறு இல்லை, கட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கோ கட்டு இல்லாமல் திரும்பியதில் பெரிய மனக்குறை. கட்டு இல்லாவிட்டால் தெம்பாவது வேண்டுமே என்று என் மனைவி எஸ்தர் எலும்பு சூப்பு வைத்தாள், நெய்யை உருக்கிச் சோற்றில் ஊற்றினாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்க்கிறோம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் திருப்பதியில், அலிபிரிப் பக்கம் ஒரு சத்திரத்துக்கு மதில் கட்டும் வேலை வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நோன்பு நாட்களான லெந்தும் தொடங்கிற்று. எங்கள் வீட்டில் லெந்து என்றால் கறி, மீன், நெய், பலகாரம் எதையும் தொடமாட்டோம். வேலை செய்யும் இடத்திலேயே தங்கி, கஞ்சியும் துவையலுமாகக் காலம் தள்ளினேன். காலையும் மாலையும் மரத்தடியில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்த வலியை எடுத்துப்போடும்" என்று கேட்டேன். வலி போயிற்று! கருங்கல்லைத் தோளில் தூக்கினேன், சாரத்தில் ஏறினேன், ஒன்றும் வரவில்லை. சந்தோஷத்தில் அழுதேன்.

ஈஸ்டருக்கு ஊர் வந்து, ஆராதனையில் எழுந்து நின்று, ஆண்டவர் என்னைப் பூரண சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். சபையே கண்கலங்கிற்று. பிறகு கோயில் வளாகத்தில் விருந்து. ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும். "சொகமாயிட்ட மனுசன், இன்னும் ரெண்டு கரண்டி வைம்மா" என்று பந்தியில் இருந்தவர்களே சிபாரிசு செய்தார்கள். நான் எப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்? லெந்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலமே வலி திரும்பி வந்தது. முன்பு வந்ததெல்லாம் இதற்கு ஒத்திகை. வாந்தி, குளிர்காய்ச்சல். சில நாளில் கண் மஞ்சளாயிற்று. என் இரண்டு பெண்பிள்ளைகளும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "நைனா, நைனா" என்று அழுதார்கள். நான் செத்துப்போவேன் என்றே நினைத்தேன். சாவைவிட ஒன்று அதிகமாகக் குடைந்தது. சபை முன்னால் சொன்ன சாட்சி பொய்யாயிற்றே!

"ஆண்டவரு குடுத்துட்டு புடுங்கிக்கினாரு, எஸ்தர்" என்றேன்.

அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே, "குடுத்தவரு ஏன் புடுங்கறாரு? அவரு இன்னா குடுத்தாருன்னு நமக்குத்தான் புரியலையோ இன்னாவோ" என்றாள்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து வேறுவிதமாக ஜெபித்தேன். "ஆண்டவரே, சுகம் தருவதும் தராததும் உம் சித்தம். இது என்ன என்றாவது எனக்குக் காட்டும்." அவ்வளவுதான். அதற்குமேல் பேசத் தெம்பில்லை.

மறுநாள் எஸ்தரும் தாவீதும் என்னைத் தாங்கிப் பிடித்து ரயிலேற்றி, மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாள். புத்தகத் தமிழ் பேசுவார். எங்கே வலி என்று கேட்டார், முதுகைக் காட்டினேன். அது எல்லாரும் கேட்டதுதான். அடுத்து, ஒருவருமே கேட்காததைக் கேட்டார்.

"எப்பொழுது வருகிறது?"

நான் மணிக்கயிறு, கருங்கல் என்று ஆரம்பித்தேன். எஸ்தர் குறுக்கிட்டாள். "இல்லீங்கம்மா. மணி அடிக்கறத வுட்டப்புறமும் வந்துச்சு. லெந்து நாள்ல கல்லு தூக்கிக்கினுதான் இருந்தாரு, அப்ப வரலை. கறி துன்னாருன்னா அன்னிக்கி..." பாதியில் நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நெய் ஊற்றிய கை அவளுடையது அல்லவா?

டாக்டரம்மாள் என் வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்தேன், அலறினேன். "உம்முடைய முதுகில் நோய் இல்லை. பித்தப்பையில் கல் இருக்கிறது" என்றார். கொழுப்பைத் தின்றால் அந்தப் பை சுருங்குமாம், கல் வழியை அடைக்குமாம். பை இருப்பது முன்பக்கம், வலியை உடம்பு முதுகில் காட்டுமாம். ஒரு வீட்டுச் சண்டை பக்கத்து வீட்டில் கேட்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். இன்னும் தாமதித்தால் உயிருக்கு ஆபத்து, அறுத்து எடுக்க வேண்டும் என்றார்.

வயிற்றை அறுப்பதென்றால் அந்நாளில் பாதிச் சாவு. எஸ்தர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மட்டும் பயத்தின் நடுவிலே ஒரு அமைதி. காட்டும் என்று கேட்டேன், காட்டிவிட்டாரே! ஆபரேஷன் அன்று காலை சித்தூரில் மணி அடித்து, சபை கூடி எனக்காக ஜெபித்ததாம். நான் கண் விழித்தபோது டாக்டரம்மாள் ஒரு கிண்ணத்தை நீட்டினார். கொண்டைக்கடலை அளவில் கற்கள். கல்லுக்காக ஊர் ஊராக அலைந்த கொத்தன், அதை வயிற்றிலேயே வைத்திருந்திருக்கிறேன். சிரிக்கப்போய்த் தையல் இழுத்து, கத்திவிட்டேன்.

உடம்பு தேறி, மறுபடியும் சபையில் எழுந்து நின்றேன். போன தடவை சொன்னதையே சொல்லப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். நான் சொன்னது இதுதான்: "லெந்தில் ஆண்டவர் எனக்குச் சுகம் கொடுக்கவில்லை. என் வியாதி என்னவென்று கஞ்சிக் கலயத்தில் வைத்துக் காட்டினார். நான் அதைச் சுகம் என்று எண்ணி, நன்றி சொல்லி, விருந்துக்கு உட்கார்ந்துவிட்டேன்." சபை சிரித்தது. எஸ்தர் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

வெள்ளி விழாவுக்கு மணி அடித்தது நான்தான். வலது கையாலேயே அடித்தேன். இப்போது நெய்யைக் கண்டால் தூர நின்று ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன். வலி என்று யாராவது ஜெபத்துக்கு வந்தால், எப்போது வருகிறது என்று கேட்டு, அவர்களோடு முழங்காலில் நின்று, எழுந்ததும் ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றிவிடுகிறேன்.

வலியில் இருக்கிற என் சகோதரனே, சகோதரியே, கேட்டது கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகாதே. எடுத்துப்போடும் என்று கேட்கிறாய், கேள். காட்டும் என்றும் கேள். என் ஆண்டவர் எனக்கு முதலிலேயே பதில் சொல்லிவிட்டார். நான்தான் கறிச்சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.