வாளையாற்றில் பிளக்காத பூமி

ஆடிக்காற்றுக்கு எங்கள் ஊரில் ஒரு ருசி உண்டு. வாயைத் திறந்தால் பல்லில் நறநறவென்று மண், மூடிக்கொண்டால் மூக்கில், மலைக்கு அந்தப்பக்கம் யாருக்கோ பெய்துகொண்டிருக்கும் மழையின் ஈரவாசம். மேற்கே சுவர் எழுப்பினாற்போல நிற்கும் மலைத்தொடர், வாளையாறு பக்கம் மட்டும், யாரோ வண்டி போய்வர வழிவிட்டதுபோல் விட்டுப்போயிருக்கிறது. அந்தச் சந்து வழியாக வருவதால் பல்லடத்துக்காரர்களான எங்களுக்கு அது 'பாலக்காட்டுக் காத்து'. மலை ஏன் அங்கே மட்டும் விட்டுப்போனது என்று பத்து வயது வரை நான் கேட்டதில்லை. கேட்டிருக்கவே வேண்டாம் என்பது இப்போதைய கருத்து.

சொன்னவள் என் அக்கா சரசு. கோயமுத்தூரில் கல்லூரிக்குப் போனவள். படித்ததையெல்லாம் என்மேல்தான் பரிசோதித்துப் பார்ப்பாள். மலைச்சந்துக்குள் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் அவளுக்கு மாப்பிள்ளை முடிவாகி நாள் குறித்திருந்த சமயம், என் நிலப்படப் புத்தகத்திலிருந்த உலகத்தைத் துணி வெட்டும் கத்தரியால் நறுக்கித் தரையில் பரப்பினாள். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்தன.

"பாத்தியாடா? எல்லாம் ஒரே நெலமா ஒட்டிக்கிட்டிருந்துச்சாம். அப்பறம் வெடிச்சு ஆளுக்கொரு பக்கம் போயிருச்சு. வாளையாத்துச் சந்து இருக்குதுல்ல, அது அந்தக் காலத்து வெடிப்பு. அதோட மிச்சம் மடகாஸ்கர்ல கெடக்குதாம்."

"மறுக்காவும் வெடிக்குமா?"

"வெடிக்காம? நான் அந்தப்பக்கம் போய்ச் சேர்ந்தொடனே வெடிச்சிரும். நான் அங்க, நீ இங்க, நடுவுல கடலு. எம் பேனாவ நீயே வெச்சுக்க."

அவள் விளையாட்டாகச் சொன்னதை நான் அரசாங்க அறிவிப்பாக எடுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து தரையில் காதை வைத்துப் படுக்கத் தொடங்கினேன். பக்கத்துக் குடோனில் விசைத்தறி ஓடினால் எங்கள் வீட்டுத் தரை பிறந்த நாளிலிருந்தே அதிரும். அந்த அதிர்வு முழுவதையும் வாளையாற்றின் கணக்கில் எழுதினேன். மின்சாரம் போய்த் தறி நின்றால் இன்னும் மோசம், பூமி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று காதை இன்னும் அழுத்தி வைப்பேன். இரண்டு 'வெங்கச்சாங்கல்'லை உரசினால் பொறி பறந்து தீய்ந்த வாசம் வருமே, காலங்காலமாக நாங்கள் விளையாடிய வெள்ளைக்கல்தான், அதுகூட அடியில் அடுப்பு எரிவதற்குச் சாட்சியாகிவிட்டது.

"ஏங்கண்ணு, காதுக்குள்ள எறும்பு போயிரப் போகுது, எந்திரி" என்பார் அம்மா. அப்பாவிடம் மட்டும் விஷயத்தை நேராகவே கொண்டுபோனேன்.

"இந்த மாப்பிள்ளை வேண்டாமுங்கப்பா. கெழக்க, கொடுமுடிப் பக்கம் பாக்கலாமுங்க."

"ஏண்டா, மாப்பிள்ளைக்கு என்ன கொறை?"

"அவருக்கு ஒண்ணுமில்லீங்க. ஊருதான் கழண்டுபோயிருமாமுங்க."

அப்பா திரும்பி, "இவனுக்கு ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டோணும்" என்று அம்மாவிடம் சொன்னார். கட்டினார்கள். கயிறு கட்டிய கையோடுதான் கல்யாணத்துக்குப் போனேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் 'கைகோர்வை' என்று ஒரு சீர் உண்டு. பெண்ணின் உடன்பிறந்தவனும் மாப்பிள்ளையும் கைகோர்த்துக்கொண்டு உட்கார, மங்கல வாழ்த்துப் பாடுவார்கள். நீளமான பாட்டு. பாட்டு முடிவதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது: கையை விட்டால்தானே கல்யாணம் நடக்கும்? விடவில்லை. சடங்கை நடத்திவைத்த பெரியவர் அருமைக்காரர் குனிந்து, "முடிஞ்சுதுங்க சாமி, கைய உடுங்க" என்றார். இன்னும் இறுக்கினேன். அப்பா பல்லைக் கடித்தார். மணவறையில் அக்கா, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், தலையைக் குனிந்துகொண்டாள்.

மாப்பிள்ளைதான் என் காதருகே வந்தார். "என்னங்க மாப்பிள்ளை, சொல்லுங்க" என்றார், பத்து வயதுப் பையனைப் பார்த்து. அந்த 'ங்க'வில் நான் உடைந்துபோனேன்.

"வாளையாத்துல வெடிச்சு நடுவுல கடல் வந்துட்டா என்னங்க பண்ணுவீங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கிணற்றுக்கு மோட்டார் வாங்குவது பற்றிக் கேட்டதுபோல யோசித்தார். "வெடிச்சாப் பாலம் கட்டிப்போடலாமுங்க. எப்பிடியும் ஆடிக்கு ஆடி உங்க அக்காவக் கூட்டியாந்து உடறேன். போதுங்களா?"

விட்டேன்.

அவரும் சொன்ன சொல்லை விடவில்லை. ஒவ்வோர் ஆடி நோம்பிக்கும் மரத்தில் 'தூரி' கட்டி நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது, காற்று முதுகில் தள்ள, மச்சானின் மோட்டார் சைக்கிள் வந்துவிடும். இறங்கியதும் தலையிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "இந்த வருஷமும் வெடிக்கலீங்க மாப்பிள்ளை" என்பார். எனக்குத் தலை நரைத்த பிறகும் அதையேதான் சொன்னார்.

அவர்கள் மகன் கார்த்திக்குக் கல்லைப் பார்ப்பதே தொழிலாகி, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துப் பக்கம் சுரங்கவேலைக்குப் போனான். அவனிடம் ஒருநாள் என் பழைய பயத்தைச் சொன்னேன். "அதை வெடிப்புன்னே சொல்ல வேண்டாமுங்க மாமா. தையலுங்க" என்றான். இந்தியா ஆப்பிரிக்காவோடு ஒட்டிக்கிடந்த காலத்துக்கும் முந்தி, நம் கொங்குச் சீமை ஒரே நிலமாக இல்லையாம்; வடக்கே ஒரு நிலம், தெற்கே ஒன்று, நடுவில் கடல். இரண்டும் நெருங்கி நெருங்கிக் கடல் சுருங்கி மறைந்து, மோதிய இடத்தில் பெரும் மலைகள் எழுந்து, அவை கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்தே போனபின், அடியாழத்தில் வெந்து நசுங்கிக் கிடந்தது மேலே வந்திருக்கிறது. எங்கள் கிணற்றுச் சுவரில் கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாய்த் தெரிந்த பாறை அதுதான். பின்னால் மடகாஸ்கர் பிய்ந்துகொண்டு போய், மேற்கே மலை நிமிர்ந்தபோதும், தையல் போட்ட இடம் பலவீனமாகவே இருந்து அரித்துப்போனதால் சந்து விழுந்தது என்று பலர் கருதுகிறார்களாம். திருப்பூரில் பனியன் பிசினஸ் பண்ணுகிற எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

"அதுவும் கெழக்கு மேக்கா ஓடற தையலுங்க. பிரிஞ்சாலும் வடக்கும் தெக்குந்தான் பிரியும். நம்ம ரெண்டு ஊரும் அந்தத் தையல் மேலயேதான் இருக்குது."

ஆக, இத்தனை வருடமும் நான் பயந்த திசையே தப்பு.

மச்சான் போன வருடம் காலமானார். தனியாக இருக்க வேண்டாம் என்று கார்த்தி அக்காவைத் தன்னோடு அழைத்துக்கொள்கிறான். இந்த ஆடியில் கொழிஞ்சாம்பாறைக்குப் போய் அக்காவைக் கூட்டிவந்து கோவை விமான நிலையத்தில் விடும் பொறுப்பு என்னுடையது. பறக்கப்போகிறவள் அவள், இரத்தக்கொதிப்பு மாத்திரையை இரண்டு தரம் விழுங்கியவன் நான். வழியில் எங்கள் ஊரைக் காட்டச் சொன்னாள், ஒரு சுற்றுப் போனோம். தூரி கட்டிய மரம் இல்லை, சாலை அகலமாகிவிட்டது. நாங்கள் வெங்கச்சாங்கல் பொறுக்கிய சிறு குன்றான கரடும் இல்லை. கடலே மூடி, மலையே தேய்ந்தபின்னும் மிஞ்சி நின்ற கல்லை வெடிவைத்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். கரடு நின்ற இடத்தில் இப்போது பெரிய குழி, அடியில் பச்சைத் தண்ணீர். பார்த்துவிட்டு, "போலாம்டா" என்றாள் அக்கா.

விமான நிலைய வாசலில் அவள் பெட்டியைக் கொடுத்தேன், பையைக் கொடுத்தேன், கையை மட்டும் விட மறந்துவிட்டேன்.

"உடுடா, எல்லாரும் பாக்கறாங்க." பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "அன்னிக்கு உங்கிட்ட வெளையாட்டுக்குத்தாண்டா சொன்னேன்" என்றாள்.

கண்ணாடிக் கதவு அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. கார்த்தியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் என்னைத் தேற்றுவதற்காக, ஆஸ்திரேலியாவும் வடக்கே பார்த்துத்தான் நகர்கிறது, நம்மைவிடக் கொஞ்சம் வேகமாகவே என்றான். வந்து சேர எத்தனை கோடி வருடம் ஆகும் என்று கேட்டேன். "அதுக்கு விசா எடுக்கறது சுளுவுங்க மாமா" என்றான்.

காற்று வந்து வாய் நிறைய மண்ணைப் போட்டுவிட்டுப் போனது. வெடித்தால் பாலம் கட்டிப்போடலாமுங்க என்று சொல்ல இந்தப் பக்கம் யாருமில்லை. காலியான கையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, காரை எங்கே நிறுத்தினேன் என்று தேடப் போனேன்.